காட்டுத்தீக் காலம்: வீட்டில் நின்று காப்பதா, முன்கூட்டியே கிளம்புவதா?

மெல்போர்னுக்குக் கிழக்கே டாண்டினாங் மலைத்தொடரில் வீடு வாங்குபவர்கள், முதல் கோடை வருவதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தீ ஆபத்து மிகுந்த நாளில் வீட்டிலேயே நின்று வீட்டைக் காப்பதா, எதுவும் எரியத் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவதா? நாங்கள் கிளம்புவது என்று முடிவு செய்தோம். வயதான மாமியாரும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீடு என்பது ஒரு காரணம். அவர்கள் இல்லாவிட்டாலும் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

நிற்பவர்களின் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் உண்மை இருக்கிறது. காட்டுத்தீயில் பல வீடுகள் பெருந்தீ நேரில் வந்து விழுங்கி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரையோர மழைநீர்ப் பீலியில் கிடக்கும் சருகிலோ, மரத்தளத்தின் அடியிலோ விழுந்து சிறிதாகப் பற்றி, பிறகுதான் வீட்டைப் பிடிக்கின்றன. அந்தச் சிறு நெருப்பை அணைக்க ஆள் இருந்தால் வீடு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2009 வரை, ஆயத்தமாகி நின்று காப்பதும் முன்கூட்டியே கிளம்புவதும் சமமான இரண்டு வழிகளாகச் சொல்லப்பட்டன.

ஆனால் ஆயத்தம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். தீ நெருங்கும்போது மின்சாரம் போய்விடும், குழாயில் அழுத்தம் குறையும். ஆகவே சொந்தத் தொட்டியில் குறைந்தது 10,000 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது சி.எஃப்.ஏ என்ற ஊரகத் தீயணைப்பு ஆணையம். மின்சாரம் இல்லாமல் ஓடும் பெட்ரோல் அல்லது டீசல் பம்ப் வேண்டும். அந்தப் பம்பை வெக்கையிலிருந்து மறைக்கத் தடுப்பு வேண்டும். மண்ணுக்கு மேலே போகும் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் உருகிவிடும், உலோகமாக மாற்ற வேண்டும். உடம்பில் தெம்புள்ள இரண்டு பேராவது வேண்டும். எல்லாம் வாங்கி வைத்தால் போதுமா? பம்பில் ஊற்றி வைத்த பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுப்போகும். கயிற்றை இழுத்தால் பம்ப் கிளம்புகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் பீலியை இன்று சுத்தம் செய்தால் அடுத்த காற்றில் மறுபடி நிறைந்துவிடும். புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இத்தனையும் ஒழுங்காகச் செய்பவர். அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரல் வரை வார இறுதிகள் அவருக்கு இதற்கே போகின்றன.

சரி, அவரைப் போல எல்லாம் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு முடிவைத் தந்த கேள்வி இதற்கு அடுத்தது: அந்த நேரத்தில் ஒன்று தவறிப்போனால் முடிவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா? முன்கூட்டியே கிளம்பியவருக்கு இருக்கிறது. தீ வரவில்லை என்றால் மாலையில் திரும்பி வரலாம். நின்றவருக்கு இல்லை. பம்ப் கிளம்பாத அந்தக் கணத்தில் சாலை புகையில் மூடியிருக்கும், மரம் குறுக்கே விழுந்திருக்கும், எதிரே வண்டி வருவது தெரியாது. கடைசி நேரத்தில் ஓடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி. அன்றைய தீயில் இறந்த 173 பேரில் நூறு பேருக்கும் மேல் வீடுகளுக்குள்ளேயே இறந்தார்கள். அவர்களில் நன்றாக ஆயத்தம் செய்திருந்தவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் காலத்திலிருந்து, முன்கூட்டியே கிளம்புவதே பாதுகாப்பானது என்று அரசும் அழுத்திச் சொல்லத் தொடங்கியது.

எங்கள் மலைக்கு இன்னும் நெருங்கிய சாட்சி 1983 பிப்ரவரி 16 அன்று வந்த தீ. அந்தச் சாம்பல் புதனன்று மாலை, வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று தென்மேற்காகத் திரும்பியது. அப்படித் திரும்பும்போது தீயின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முகப்பாக மாறி முன்னேறும். அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் அதில் சிக்கி இறந்த தன்னார்வத் தீயணைப்பாளர்கள் 12 பேர். பயிற்சியும் வண்டியும் உள்ளவர்களுக்கே அந்த நிலை என்றால், தோட்டக் குழாயோடு நிற்கும் குடும்பம் எதை நம்பி நிற்பது?

இனி கிளம்புவதைப் பற்றி. முன்கூட்டியே என்ற சொல்லை இங்கே பலரும் புகை தெரிந்தவுடன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது முன்கூட்டியே அல்ல, தாமதம். நாங்கள் புகையைப் பார்ப்பதில்லை, அன்றைய நாளுக்கு அறிவிக்கப்படும் தீ ஆபத்துக் குறியீட்டைப் பார்க்கிறோம். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் நான்கு படி: மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு. பேரழிவு நாள் என்றால் முந்தின இரவே கிளம்பிவிடுகிறோம். அந்த நாளில் ஆபத்துப் பட்டியலில் உள்ள பள்ளிகளையும் மூடிவிடுவார்கள். தீவிர நாள் என்றால் காலை உணவுக்கு முன்பே மலைக்குக் கீழே, நகர்ப்புறத்தில் உள்ள டாண்டினாங் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. கடவுச்சீட்டு, மாமியாரின் மாத்திரைகள், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே பையில், கோடை முழுக்கக் கதவருகே. விக்எமர்ஜென்சி என்ற மாநில அவசர எச்சரிக்கை ஆப்பும் ஏபிசி வானொலியும் வழியில் உதவும், ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பதில்லை.

இதற்கும் விலை உண்டு. கிளம்பிய நாட்களில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. வேலைக்கு விடுப்பு, பிள்ளைகளின் முணுமுணுப்பு, "இன்னைக்கும் சும்மாதானே போறோம்?" என்ற மாமியாரின் கேள்வி. அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தால் அடுத்த முறை காத்திருக்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. உண்மையில் தீ வந்துவிட்டால் சாலைகளை அடைத்துவிடுவார்கள், நாட்கணக்கில் வீட்டைப் பார்க்க விடமாட்டார்கள். 2009இல் தீயில் அழிந்த மேரிஸ்வில் ஊர் மக்கள் வாரக்கணக்கில் திரும்ப முடியவில்லை. ஆள் இல்லாத வீடு ஒரு கங்கில் போகலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் கிளம்புகிறோம். அதனால் காப்பீட்டுத் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்கு ஈடாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் பார்த்துவிடுகிறேன். பீலியும் புல்லும் எங்களுக்கும் உண்டு, அதைச் செய்யாமல் கிளம்புவது வீட்டைக் கைவிடுவதுதான்.

நிலத்தடிப் பதுங்கறை பற்றிப் பெரிதாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. அனுமதி பெற்ற வடிவமைப்பாக இருந்தாலும் அது கடைசிப் புகலிடமாகத்தான் இருக்க முடியும் என்பது என் எண்ணம். தீ வீட்டு வாசலுக்கு வந்து நானும் நின்று பார்த்ததில்லை. திறந்த மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில், செங்கல் வீட்டில், டீசல் பம்போடு இருப்பவரின் கணக்கு வேறாக இருக்கலாம். அவர் நிற்கட்டும். ஆனால் பம்பை வீட்டில் இரண்டாவது ஒருவருக்கும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளையும் பெரியவர்களையும் முந்தின நாளே பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும், எந்த நிலையில் நிற்கும் திட்டத்தைக் கைவிடுவது என்பதைத் தீ இல்லாத நாளில் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.