சிலிகான் மார்பக மாதிரி: வகுப்பறைக்கு எவ்வளவு பயன்?

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு வகுப்புக்காகப் பள்ளியில் ஒரு பயிற்சிப் பெட்டி வாங்கினோம். கட்டிகள் பதித்த சிலிகான் மார்பக மாதிரி ஒன்று, அறிகுறிகளை வரைந்து காட்டும் அட்டை ஒன்று, ஆசிரியருக்கும் மாணவருக்குமான கையேடு ஒன்று. மாதிரி அருமை. கையேட்டை மட்டும் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.

மாதிரியின் உள்ளே பல வகைக் கட்டிகள் இருக்கின்றன. பட்டாணி அளவில் ஒன்று, மேலாகவே இருப்பதால் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடும். இன்னொன்று வழவழப்பாக விரலுக்கடியில் நழுவி ஓடும். இளம் பெண்களுக்கு அடிக்கடி வரும் ஃபைப்ரோஅடினோமா இப்படித்தான் இருக்கும், அது புற்றுநோய் அல்ல. அக்குள் பக்கம் ஆழத்தில் மூன்றாவது ஒன்று, ஓரம் ஒழுங்கில்லாமல், கடினமாக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பலரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் விரல் நுனியால் குத்திப் பார்க்கிறார்கள். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியை வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, கடைசியில் நன்றாக அழுத்தித் தேடச் சொன்னேன். “மிஸ், இருக்கு!” என்று ஒரு மாணவி கத்தினாள். எவ்வளவு படம் போட்டுக் காட்டினாலும் இந்த அறிவு விரலுக்கு வராது. ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் எந்தக் கட்டியையும் இன்னது என்று முடிவு செய்ய முடியாது, ஸ்கேனும், தேவைப்பட்டால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும்தான் சொல்லும் என்பதை அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

இனி கையேடு. ‘ஒவ்வொரு மாணவியும் மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்ய வேண்டும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது பழைய அறிவுரை. ஷாங்காயில் 2,66,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை, புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கான பயாப்ஸிதான் கூடியது. தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு, மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பதுதான் இன்றைக்குச் சொல்லப்படுவது.

அதுவும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கட்டியைத் தேடச் சொன்னால் என்ன ஆகும்? வகுப்பில் பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு சீட்டு: ‘எனக்கு ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில் கட்டி மாதிரி இருக்கு, தொட்டா வலிக்குது. அம்மாகிட்ட சொல்லல.’ படித்தபோது மனசு கனத்துவிட்டது. பருவமடையும்போது மார்பகம் வளரத் தொடங்குவதே அப்படித்தான், காம்புக்கு அடியில், பல நேரம் ஒரு பக்கம் முதலில். பையன்களில் பலருக்கும் அந்த வயதில் அதுபோல வந்து தானாகவே மறைகிறது. எழுதியவர் யார் என்று தேடாமல், வகுப்பு முழுக்கவே இதை விளக்கினேன், பயம் போகாவிட்டால் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டிவிடலாம் என்றும் சொன்னேன். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பெட்டியில் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது இது.

பரம்பரை பற்றிய பக்கமும் பயமுறுத்துகிறது. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 போன்ற மரபணு மாற்றங்களால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். தாய்க்குச் சிகிச்சை நடக்கிற பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். வகுப்புக்கு முன்பே பெற்றோருக்குத் தகவல் அனுப்பி, வர வேண்டாம் என்று தோன்றினால் வராமல் இருக்க வழிவிடுங்கள்.

அறிகுறி அட்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுந்த சருமம், உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு எல்லாம் தெளிவாக வரைந்திருக்கிறார்கள். குறை ஒன்று: எல்லாப் படமும் வெளிர் நிறத் தோல். கருந்தோல் சிவந்தாலும் சிவப்பாகத் தெரியாது, அந்த இடம் இன்னும் கருத்துத்தான் தெரியலாம். அட்டையைக் காட்டும்போது இதை வாயால் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வகுப்பு உண்மையில் போய்ச் சேர வேண்டியது வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் பாட்டிக்கும். ‘வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் அவர்கள்தான். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது என்ற ஒரு விஷயத்தைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும், பெட்டிக்குக் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

பையன்களையும் சேர்த்தே உட்கார வைக்கிறேன். மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் வரை ஆண்கள் என்று சொன்னதும் சிரிப்பு நின்று கேள்விகள் வந்தன.

பராமரிப்பு எளிது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, பவுடர் தூவி வைத்தால் பிசுபிசுப்பு வராது. பேனா மை பட்டால் மட்டும் போகாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழே மாதிரியை வெளியே எடுக்க வேண்டாம், அட்டையும் கேள்விப் பெட்டியும் போதும்.