விண்டோஸில் தெரியாத பெயர்கள்: நீக்குவதா, அணைப்பதா, அப்படியே விடுவதா?

புது லேப்டாப் வாங்கியவர்களும் சரி, நாலு ஜிபி ரேமில் திணறும் பழைய கணினி வைத்திருப்பவர்களும் சரி, கணினியில் ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் கேட்பது ஒரே கேள்விதான்: இதெல்லாம் என்ன, எடுத்துவிடலாமா? ஆனால் எடுப்பது என்று நாம் சொல்வதற்குள் நாலு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. சி டிரைவுக்குள் போய் ஃபைலை அழிப்பது, செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் செய்வது, அணைத்து வைப்பது, யாரோ எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, ஓட்டி மொத்தமாகக் களைவது. நாலுக்கும் பலனும் வேறு, ஆபத்தும் வேறு.

ஃபைலைக் கையால் அழிப்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2001-ல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. சல்ஃப்என்பிகே என்ற ஃபைல் உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள் என்று. தேடிய பலருக்கும் கிடைத்தது, ஏனென்றால் அது விண்டோஸ் 98-ல் மைக்ரோசாஃப்டே வைத்திருந்த கருவி, நீளமான ஃபைல் பெயர்களை மீட்பதற்கானது. மறு வருடம் கரடி பொம்மை ஐகான் போட்ட இன்னொரு ஃபைலை வைத்து இதே புரளி மறுபடியும் ஓடியது. இரண்டு முறையும் மக்களை அழிக்க வைத்தது பெயர் புரியாததும் ஐகான் விசித்திரமாக இருந்ததும்தான், வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பது எஸ்விசிஹோஸ்ட், பின்னணியில் வேலை செய்யும் விண்டோஸ் சர்வீஸ்களைச் சுமந்து ஓடுவது. ஒரே பெயர் வரிசையாகப் பல தடவை தெரிவதால் வைரஸ் பெருகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, மூன்றரை ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டாக ஓடுகின்றன, ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இருப்பதற்காக. சந்தேகம் இருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் அது விண்டோஸின் சொந்த ஃபைலாகத்தான் இருக்கும், டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் உடனே ஸ்கேன் செய்யுங்கள்.

விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைக்கும் விண்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரும் இப்படித்தான் பலியாகிறது. பல ஜிபி காட்டுகிறதே என்று அழிக்கப் போகிறார்கள். அதில் இருக்கும் பல ஃபைல்கள் விண்டோஸின் வேறு ஃபோல்டர்களிலும் தெரியும் அதே ஃபைல்கள்தான், டிஸ்கில் ஒரே பிரதி, இரண்டு இடத்தில் பெயர். ஃபைல் எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது. அதைச் சுருக்க வேண்டுமானால் டிஸ்க் கிளீனப்பில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் இருக்கிறது, அது போதும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று 2008, 2010, 2013 எனப் பல வருடப் பெயர்களில் பட்டியலில் இருப்பவையும் ஒன்றின் நகல் இன்னொன்று அல்ல. ஒவ்வொன்றையும் நம்பி ஏதாவது ஒரு மென்பொருள் இருக்கும், எடுத்தால் அது திறக்காது.

அன்இன்ஸ்டால் இதைவிட எவ்வளவோ மேல். சாலிட்டேர், கிளிப்சாம்ப், எக்ஸ்பாக்ஸ், வெதர் இதெல்லாம் வேண்டாமென்றால் தாராளமாக எடுங்கள், நாளைக்கு வேண்டுமென்றால் ஸ்டோரிலிருந்து திரும்ப வரும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இவற்றை எடுத்தால் கணினி வேகமாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடாத செயலி டிஸ்கில் கொஞ்சம் இடம் பிடிக்கும், ரேமைத் தொடாது. லேப்டாப் கம்பெனி தன் பங்குக்குப் போட்டு அனுப்பும் சரக்கு வேறு கதை, அதில் நான் கறாராகவே இருப்பேன். லெனோவோ லேப்டாப் சிலவற்றில் முன்பே போடப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ், பாதுகாப்பான இணையதளங்களின் இணைப்புக்கு நடுவே புகுந்து விளம்பரம் செருகியது. 2015-ல் அது வெளியே வந்த பிறகு அந்தக் கம்பெனியே நீக்கும் கருவியை வெளியிட வேண்டியதாயிற்று. வன்பொருளை இயக்கும் டிரைவர்களை விட்டுவிட்டு, டிரையல் ஆண்டிவைரஸ், ஷாப்பிங் உதவியாளர் மாதிரியானவற்றை முதல் நாளே எடுத்துவிடலாம்.

அணைத்து வைப்பதுதான் என் பார்வையில் இருப்பதிலேயே நல்ல வழி, ஆனால் இதைத்தான் ஆட்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கணினி திறந்தவுடன் எழுந்து உட்காரும் செயலிகளை அணையுங்கள், பிடிக்காவிட்டால் மறுபடி ஒரே கிளிக். பாதுகாப்புக்கும் இதே வழிதான். எஸ்எம்பி1 என்று பழைய ஃபைல் பகிர்வு முறை ஒன்று உண்டு. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், மிகப் பழைய நெட்வொர்க் டிரைவோ ஸ்கேனரோ இல்லாத வீட்டில் அதற்கு வேலையே இல்லை. பிரிண்டர் இல்லாத வீட்டில் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸையும் நிறுத்தலாம், பிடிஎஃப் ஆக பிரிண்ட் செய்வதும் அதோடு நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு. தெரியாத பாகத்தில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இவை இரண்டும் சாட்சி. அது என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு வையுங்கள் என்கிறேன்.

ஸ்கிரிப்ட் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரே அழுத்தில் எல்லாக் குப்பையும் போய்விடும் என்று சொல்லும் ஸ்கிரிப்டுகளில் கவனமாக எழுதப்பட்டவையும் உண்டு, ஆனால் எதை எடுக்கிறது என்று வரி வரியாகப் படிக்க முடிந்தவருக்கே அது கருவி. மற்றவர்களுக்கு நடப்பது வேறு. எட்ஜ் பிரவுசரைப் பிடுங்கும்போது கூடவே, மற்ற செயலிகள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ2 போனால் புது அவுட்லுக் திறக்காது, விட்ஜெட் வராது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வீட்டில் யாருக்கும் தோன்றவும் தோன்றாது. சிடிஎஃப்மான் என்ற ஒன்றைப் பயனில்லாதது என்று நிறுத்தச் சொல்லும் குறிப்புகளையும் பார்க்கலாம். எழுத்து உள்ளீட்டைக் கவனிப்பது அதுதான், அது ஓடாவிட்டால் ஸ்டார்ட் மெனு தேடலில் தட்டச்சே விழாமல் போகலாம். ஆங்கிலத்துக்கும் தமிழ் 99-க்கும் மாறி மாறி அடிப்பவர்கள் அதில் கை வைக்கவே வேண்டாம். முன்கூட்டியே வெட்டிச் சுருக்கிய விண்டோஸ் பதிப்புகளில் டைனி11 கோர் போன்றவை அப்டேட் பாகங்களையே எடுத்துவிட்டவை, சோதனைக்கு ஓட்டிப் பார்க்கலாம். நெட் பேங்கிங் செய்யும் கணினியில் போட வேண்டாம்.

எதையும் தொடாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். அம்மா அப்பா பயன்படுத்தும், ஏதாவது ஆனால் அவர்களால் சரிசெய்ய முடியாத கணினிக்கு அதுவே சரி. அங்கே ஸ்டார்ட்அப்பை மட்டும் குறைத்து, அந்த டிரையல் ஆண்டிவைரஸை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். இவ்வளவு செய்தும் மெதுவாகவே இருந்தால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்று டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பாருங்கள். அப்படியென்றால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதில் கிடைக்கும் வேகம், விண்டோஸிலிருந்து எத்தனை பாகத்தைப் பிடுங்கினாலும் வராது.