ஸ்லாஷ் ட்ரக்குக்கு மாட்டிய சேற்று உறை

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலை மலைப் பாதையில் ரிமோட் ட்ரக் ஓட்டினால் சேறு, சருகு, சின்னக் கல் எல்லாம் சேஸிக்குள், அதாவது அடிச்சட்டத்துக்குள், குடியேறிவிடும். ஸ்லாஷ் என்ற என் 1/10 அளவு ரிமோட் ட்ரக்குக்கு வாங்கிய துணி உறை அதை நன்றாகவே தடுக்கிறது. மாட்டத்தான் பொறுமை வேண்டும். உறையைப் பிடித்துவைக்கும் வெல்க்ரோவை ஒட்டுமுன் சேஸி ஓரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இரண்டு குதியிலேயே கழன்றுவிடும். ஷொக் (அதிர்வுதாங்கி) பக்கம் துணியைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் உரசும். தண்ணீரை முழுசாகத் தடுக்காது, ஓடையில் இறக்க ஆசைப்படாதீர்கள். காற்றோட்டம் குறைவதால் மேட்டில் மோட்டார் சீக்கிரம் சூடாகிறது. நடுவில் நிறுத்தி, திறந்து ஆறவிடுகிறேன். கப்பல் கூலியோடு சேர்த்தால் விலை கசக்கும். சரி, பழைய பல் பிரஷ்ஷால் சேறு சுரண்டும் வேலையாவது மிச்சம்.