செட்டிபாளையம் ட்ராக்ல ரேஸ் ட்ரெயினிங்: எந்த ரேஸ் கார் பிரிவுல (கிளாஸ்ல) சேரலாம்னு யோசிக்கறவங்களுக்கு

கோயமுத்தூர்ல போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேல ஒரு ரேஸிங் ஸ்கூல் நடத்தற பேசிக் ட்ரெயினிங் போயிட்டு வந்தேனுங்க, நெம்ப திருப்தி. கல்யாணம் ஆகி குழந்தை குட்டி இருந்தும் ரேஸ் ஆசை விடல, ஆனா எதுல சேந்தா பயமில்லாம ஓட்டலாம்னு யோசிக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

மொதல்ல பெல்ட் தான். இடுப்பு பெல்ட்ட வயித்து மேல விடாம இடுப்பெலும்பு மேல இறக்கி இறுக்கச் சொன்னாங்க, அதுக்கப்புறம் தான் தோள் பெல்ட். எல்லாம் முடிஞ்ச பொறவு கோச் அண்ணன் குனிஞ்சு தோள்பட்டை கிட்ட பெல்ட்டுக்கு அடில விரல விட்டுப் பாத்துட்டு "இன்னும் இழுங்க தம்பி"ன்னாரு, மூச்சு முட்டற மாதிரி இருந்துச்சு, அப்பத்தான் விட்டாரு. ஸ்டியரிங்க கழட்டிட்டு வெளிய குதிக்கறதயும் திருப்பித் திருப்பி செய்ய வெச்சாங்க. இதுல அவசரமே படல, அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கை.

அடுத்தது ஃபார்முலாவா (கூரையில்லாம சக்கரம் வெளிய தெரியற ரேஸ் கார்) சலூனாங்கற (நம்ம ரோட்டுல ஓடற மாதிரி கூரை வெச்ச கார்) கேள்வி. மேல கூரை இருக்கு, அதனால சலூன் தான் சேஃப்னு நம்மூர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அண்ணன் கேட்டாரு, "கூரை எங்கீங் காப்பாத்துது, உள்ள இருக்கற ரோல் கேஜ், அதான் பைப்புல கட்டுன கூண்டு, அதுதான் காப்பாத்தும், அந்த பைப்ப யாரு வளைச்சாங்க, வெல்டிங் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமாங்?" நாயம் தானுங்களே. தலை கிட்ட போற பைப்புக்கு சரியான பேடிங் இல்லீன்னா அந்த கேஜே மண்டைய ஒடைக்கும். 2023 ஜனவரில சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல அனுபவமுள்ள மூத்த ரேசர் ஒருத்தர் உயிர் போனதும் சலூன் ரேஸ்ல தான். ஃபார்முலால சக்கரம் வெளிய இருக்கறதால ஒருத்தர் டயர் மேல இன்னொருத்தர் டயர் ஏறுனா கார் தூக்கி அடிக்கும், அதயும் மறைக்காம சொன்னாங்க.

என் கணக்குல புதுசா வர்றவங்களுக்கு எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரி எல்லாரும் ஒரே மாதிரி கார் ஓட்டற நோவிஸ் கிளாஸ் (புதுசா வர்றவங்க பிரிவு) தான் சரி. எல்லாத்துலயும் ஸ்விஃப்ட் 1300 சிசி எஞ்சின், அதனால வளைவுல திடீர்னு ஒருத்தன் பின்னால இருந்து ரெண்டு மடங்கு வேகத்துல வந்து நிக்க மாட்டான், கார கட்டறதும் நம்ம சோலி இல்ல, டீம் பாத்துக்கும். பவர் வேற வேறயா கலந்து ஓடற சலூன் ரேஸுக்கு ஒரு சீசன் கழிச்சுப் போங்க. கரி ட்ராக்கும் சுத்தி வந்தா 2.1 கிலோமீட்டர் கிட்டத்தான், இருங்காட்டுக்கோட்டை 3.7, பழகறதுக்கு சின்ன ட்ராக்கே போதுமுங்க.

ஹான்ஸ், அதான் தோள் மேல வெச்சு ஹெல்மெட்டோட பட்டைல மாட்டற காலர், கேட்டு வாங்கிப் போட்டுக்கோங்க, மோதும்போது தலை முன்னால பாயாம கழுத்தக் காப்பாத்தறது அதுதான், எஃப்1லயே 2003ல இருந்து கட்டாயம். எங்க பேட்ச்ல ஒரு தம்பி நல்ல வெல உள்ள பைக் ஹெல்மெட் கொண்டாந்திருந்தாரு, உள்ள ஸ்டிக்கர்ல எம்னு போட்டிருந்துச்சு, திருப்பிக் குடுத்துட்டாங்க. எம்னா பைக்குக்கு, கார் ரேஸுக்கு ஸ்னெல் எஸ்ஏங்கற ஹெல்மெட் தரச் சான்று வேணும், தீப்பிடிச்சா தாங்குதான்னு டெஸ்ட் பண்ணிருப்பாங்க, பைக் ஹெல்மெட்டுக்கு அந்த டெஸ்ட் கெடயாது.

கொறைன்னு பாத்தா, அவங்க குடுக்கற ஹெல்மெட்ல பெரிய சைஸ் கம்மி. புக் பண்ணும்போதே தலை சுத்தளவ சொல்லிருங்க, லூசா இருக்கறத மட்டும் வாங்கிப் போட்டுக்காதீங்க.