கால் தளர்ந்தால் இடுப்பையா ஸ்கேன் எடுப்பது? தண்டுவடச் சோதனைகளில் எது எதற்கு

நடை தடுமாறுகிறது, கால் மதமதவென்று இருக்கிறது என்று போகிற பலருக்கு முதலில் எடுக்கப்படுவது இடுப்பு எம்ஆர்ஐ. எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) லேசாகப் பிதுங்கியிருக்கும், சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று ஃபைலை மூடிவிடுவார்கள். ஆனால் வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் அவ்வளவு கீழே வருவதே இல்லை. முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும், அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி நரம்பு வேர்கள்தான். ஆக, தண்டுவடமே பாதிக்கப்பட்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் கழுத்திலோ நெஞ்சுப் பகுதியிலோ இருக்கும், படமோ இடுப்பில் எடுத்திருக்கும்.

அதனால் என் ஒப்பீட்டில் முதலிடம் எந்த மெஷினுக்கும் இல்லை, மருத்துவர் கையில் இருக்கும் சின்ன ரப்பர் சுத்தியலுக்குத்தான். முழங்காலில் தட்டும்போது கால் வழக்கத்தைவிட வேகமாக உதைத்தால் சிக்கல் தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கலாம். அசைவே குறைந்திருந்தால் நரம்பு வேரிலோ அதைத் தாண்டியோ. (திடீரென்று அடிபட்ட புதிதில் தண்டுவடப் பாதிப்பிலும் அசைவு இல்லாமல் போகும், அது விதிவிலக்கு.) அப்புறம் உள்ளங்காலின் வெளி ஓரமாகக் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுப்பார்கள். சாதாரணமாகப் பெருவிரல் கீழே மடங்கும். மெல்ல மேலே எழும்பினால், மூளையிலிருந்து இறங்கும் பாதையில் எங்கோ பழுது என்று அர்த்தம். 1896-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி சொன்னது, இன்றும் செல்லுபடியாகிறது.

ஒரு குண்டூசியை வைத்துத் தோலில் மேலே போய்க்கொண்டே வந்தால் எங்கே உணர்ச்சி மாறுகிறது என்று தெரியும். தொப்புள் என்றால் பத்தாவது நெஞ்சு நரம்பு, மார்புக் காம்பு என்றால் நான்காவது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: தொப்புளில் உணர்ச்சி மாறுகிறது என்பதால் கோளாறும் அங்கேதான் என்று சொல்ல முடியாது, அங்கேயோ அதற்கு மேலேயோ இருக்கலாம். கழுத்தில் அழுத்தம் உள்ளவருக்கும் தொப்புளுக்குக் கீழேதான் மரத்திருக்கும் என்பது அபூர்வமில்லை. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா, செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா, முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்கிறாரா என்ற மூன்று கேள்விகள், ஒரு தவறான இடத்து ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

எக்ஸ்-ரேயும் சிடியும் எலும்புக்கு நல்லவை. உடைந்த எலும்பு, நகர்ந்த எலும்பு, அடிபட்ட அவசரம் என்றால் சிடி வேகமானது. ஆனால் தண்டுவடத்துக்குள் வீக்கமா, நீர்க்கட்டியா, கட்டியா என்று அவற்றில் சரிவரத் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐதான், இதில் போட்டியே இல்லை. எம்ஆர்ஐக்கு ஒத்துவராத உலோகக் கருவி உடம்பில் இருப்பவருக்கு, தண்டுவட நீரில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சிடி மைலோகிராம் மாற்று வழி. அழுத்தம் எங்கே என்று காட்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாது.

எம்ஆர்ஐயின் பலவீனம் அது அதிகம் காட்டுவது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் நோய் இல்லை. மறுபக்கம், பி12 குறைபாட்டில் தண்டுவடத்தின் பின்பகுதி கெட்டுக்கொண்டிருக்கும்போதே படம் சுத்தமாகவும் வரலாம். அங்கே சாதாரண ரத்தப் பரிசோதனை ஸ்கேனை முந்திவிடும். பி12 அளவு இரண்டுங்கெட்டானாக இருந்தால் பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மீதைல்மலோனிக் அமிலத்தைப் பார்ப்பார்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறும், நரம்பு தேறாது, மோசமாகவும் ஆகலாம்.

காரணத்தைப் பிடிக்க எந்த மெஷினும் தராத ஒரு தகவல், எவ்வளவு வேகத்தில் வந்தது என்பது. நிமிடங்களில், சில மணி நேரத்தில் கால் விழுந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டதோ ரத்தக் கசிவோ. சில நாட்களில் ஏறிக்கொண்டே போனால் அழற்சி அல்லது தொற்று. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்தால் கழுத்து எலும்புத் தேய்மானம், மெல்ல வளரும் கட்டி, சத்துக் குறைபாடு. நடந்தால் மோசமாகி, உட்கார்ந்தால் கொஞ்சம் தேறி, ஸ்டீராய்டு கொடுத்ததும் இன்னும் கெட்டால், தண்டுவட உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல மாதங்கள் வேறு பெயரில் வைத்தியம் பார்க்கப்பட்டு, கடைசியில் தண்டுவட ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் பிடிபடும் நோய் இது.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பதா, ரத்தமா? அழற்சி என்று சந்தேகித்தால் நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கிறதா, ஆலிகோகுளோனல் பட்டைகள் (சோதனையில் பட்டைகளாகத் தெரியும் எதிர்ப்பொருள்கள்) இருக்கிறதா என்று பார்ப்பது பயன்தரும், நரம்பு உறையை உடம்பே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பிடிக்க உதவும். ஆனால் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகாவுக்கு, அந்த நோயின் அடையாளமான அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்ப்பதே சிறந்தது, நீரில் அது தவறிவிடலாம். வரிசையும் முக்கியம். தண்டுவடம் நசுங்கியிருக்கும்போது கீழே நீர் எடுத்தால் நிலைமை மோசமாகலாம், எனவே படம் முதலில், ஊசி பிறகு.

நரம்புக் கடத்தல் சோதனையைப் பற்றி ஒரு வரி போதும்: அது கை, கால் நரம்புகளைப் பார்க்கிறது, தண்டுவடத்தை அல்ல. சர்க்கரை நோயாளிக்கு இதில் கோளாறு வந்துவிட்டால் எல்லாப் பழியும் சர்க்கரை மேல் விழுந்து, கழுத்தில் இருக்கிற அழுத்தம் கண்ணில் படாமல் போகும்.

இந்த ஒப்பீடெல்லாம் அவகாசம் இருக்கும்போது. கால் வேகமாக விழுகிறது, சிறுநீர் அடைத்துக்கொண்டது, அல்லது முதுகுவலியோடு காய்ச்சலும் பலவீனமும் என்றால் அன்றைக்கே எம்ஆர்ஐ, அதுவும் முதுகெலும்பு முழுக்க. தண்டுவட உறைக்கு வெளியே சீழ் கட்டியிருந்தால் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது, நடுவே இடம் விட்டு இன்னோரிடத்திலும் கட்டியிருக்கலாம்.