சஸ்குவெஹன்னா ஆற்றில் "வெள்ளைப் பூச்சி மாலை" என்று விற்கப்படும் படகுப் பயணம்: ஓர் எச்சரிக்கை

பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் பகுதியில், கோடை மாலையில் சஸ்குவெஹன்னா ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங், அதாவது செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி வீசி மீன் பிடித்தல், செய்வதற்காக வழிகாட்டியையும் படகையும் அமர்த்த எண்ணியிருப்பவர்கள், முன்பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நானும் நியூஜெர்சியில் வசிக்கும் என் மைத்துனரும் ஒரு படகு வழிகாட்டியிடம் பணம் கொடுத்து ஏமாந்தோம். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரை வெளியிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையை எவரும் கையாள முடியும் என்பதால், அதை முழுமையாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

அவர் எங்களுக்கு விற்றது எது என்பது தெரிந்தால்தான் ஏமாற்றத்தின் அளவு விளங்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். ஆகவே கோடையில் ட்ரவுட் ஓடைகளை விட்டு விலகும் தூண்டில்காரர்கள், வெதுவெதுப்பான பெரிய ஆறுகளில் வாழும் ஸ்மால்மவுத் பாஸை நாடி வருகிறார்கள். பகல் முழுவதும் பாறை இடுக்குகளிலும் ஆழமான மடுக்களிலும் ஒதுங்கியிருக்கும் இந்த மீன், வெயில் தணிந்ததும் நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதிகளுக்கு இரை தேடி வருகிறது. சஸ்குவெஹன்னாவில் ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. எஃபோரான் லூகான் என்னும் வெண்ணிற மேஃப்ளை, அங்குள்ளோர் வெறுமனே வெள்ளைப் பூச்சி என்று குறிப்பிடுவது, ஆற்றின் அடிமண்ணில் புழுப்பருவத்தைக் கழித்துவிட்டு, மழை ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் போல ஒரே நேரத்தில் நீரைப் பிளந்து மேலெழுகிறது. ஆண் பூச்சிகள் மேலெழுந்த சற்று நேரத்தில் இன்னொரு முறை தோலுரிக்கின்றன. பெண் பூச்சிகள் அதற்குக்கூட நிற்பதில்லை. கூடி, முட்டையிட்டு, அன்றிரவே மடிந்து நீரில் விழும் இவற்றை உண்பதற்காக ஸ்மால்மவுத் மீன்கள் நீர்மட்டத்திற்கே வந்துவிடுகின்றன. அந்த ஆற்றில் மேஃப்ளை எவ்வளவு அடர்த்தியாகக் கிளம்பும் என்பதற்கு ஒரு செய்தியைச் சொல்லலாம்: 2015 ஜூன் மாதத்தில் கொலம்பியா, ரைட்ஸ்வில் என்னும் கரையோர ஊர்களுக்கு இடைப்பட்ட பாலத்தில் மேஃப்ளைகள் குவிந்து சாலை வழுக்கியதால் மோட்டார் சைக்கிள்கள் சறுக்கி விழுந்தன, பாலத்தையே சிறிது நேரம் மூட நேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நேரம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹாரிஸ்பர்க்கில் சூரியன் மறைவது இரவு 8 மணிக்குப் பிறகுதான். வெள்ளைப் பூச்சியின் உச்சமும் சூரியன் மறையும் அந்த வேளையை ஒட்டியே வருகிறது. அதற்கு முன் ஆற்றை விட்டு வெளியேறுபவருக்கு, எதற்காகப் பணம் கொடுத்தாரோ அது கிடைக்கவே கிடைக்காது.

எங்களிடம் தொலைபேசியில் பேசியபோது அந்த வழிகாட்டி சொன்னவை மூன்று. ஜூனியாட்டா ஆறு வந்து கலக்கும் டங்கனனில் படகை இறக்கி, டாஃபின் நேரோஸ் வழியாக, 1902-இல் கட்டி முடிக்கப்பட்ட ராக்வில் கல்பாலத்துக்குச் சற்று மேலே உள்ள ஃபோர்ட் ஹன்டர் வரை நீரோட்டத்தோடு மிதந்து வருவோம் என்றார். இருட்டும் வரை ஆற்றில் இருப்போம் என்றார். மீன்பிடி உரிமம் கட்டணத்திலேயே அடங்கும், நீங்கள் தனியாக வாங்க வேண்டியதில்லை என்றும் உறுதி கூறினார். மூன்றும் பொய்.

உரிமத்தைப் பற்றிய பொய்தான் மிகவும் ஆபத்தானது. பென்சில்வேனியாவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். வழிகாட்டியின் அனுமதி வாடிக்கையாளரைக் காப்பாற்றாது. வெளிமாநிலத்தவருக்குச் சில நாட்களுக்கான சுற்றுலா உரிமமும் உண்டு. என் மைத்துனர் எச்சரிக்கையாகத் தமக்கும் எனக்கும் முன்கூட்டியே உரிமம் வாங்கியிருந்ததால் அபராதத்திலிருந்து தப்பினோம். "உரிமத்துக்கும் சேர்த்து" என்று எங்களிடம் வசூலித்த தொகையை அவர் திருப்பித் தரவில்லை.

பயண நாளன்று, ஜூனியாட்டாவில் மழைநீர் வந்து ஆறு கலங்கிவிட்டது என்று கூறி, டங்கனனுக்குப் பதிலாக ஹாரிஸ்பர்க் நகருக்குள்ளேயே இருக்கும் சிட்டி ஐலண்டுக்கு வரச் சொன்னார். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஜூனியாட்டா ஆற்றின் நீர்மட்டத்தை நியூபோர்ட்டில் அளந்து இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அந்த வாரத்தின் அளவுகளில் நீர்மட்டம் ஏறியதற்கான அடையாளமே இல்லை. இரண்டு வண்டிகளை ஏற்பாடு செய்து மேலே இறங்கிக் கீழே கரையேறும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவே அவர் இடத்தை மாற்றினார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சிட்டி ஐலண்டுக்குச் சற்றுக் கீழே டாக் ஸ்ட்ரீட் தடுப்பணை இருக்கிறது. உயரம் குறைவான அந்த அணை மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு போலத்தான் தெரியும். ஆனால் அதைத் தாண்டி விழும் நீர் அடிவாரத்தில் திரும்பித் திரும்பிச் சுழல்வதால், சிக்கிய படகும் ஆளும் வெளியே வர முடிவதில்லை. அங்கே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மேலே மோட்டாரை நிறுத்திவிட்டுப் படகை மிதக்கவிட்டார் அந்த மனிதர். படகில் மூன்று பேர் இருந்தோம். லைஃப் ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது. ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் கேட்டபோது, "முழங்கால் ஆழம்தான்" என்று பதில் வந்தது. மைத்துனர் வற்புறுத்திய பிறகே படகை மேல்நோக்கித் திருப்பினார்.

தருவதாகச் சொன்ன தூண்டில் கோல் பழையது. மிதக்க வேண்டிய நூல் வெடித்துப்போய் மூழ்கிக்கொண்டே இருந்தது. நீர்மேல் தத்திச் செல்ல வேண்டிய பாப்பர் தக்கையை மூழ்கும் நூலில் கட்டி வீசினால் அது என்ன செய்யும் என்பதைத் தூண்டில் பிடித்தவர்கள் அறிவார்கள். கட்டணத்தில் அடங்கும் என்று சொல்லப்பட்ட செயற்கைப் பூச்சிகளுக்குக் கடைசியில் தனியாகப் பணம் கேட்டார். கிடைத்த ஒரே நல்ல மீனைப் புகைப்படத்துக்காக வெகுநேரம் காற்றில் பிடித்திருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. வெப்பநீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. 2005-இல் இந்த ஆற்றில் ஸ்மால்மவுத் குஞ்சுகள் நோயால் பெருமளவில் மடிந்தன. அதன்பின் மெல்ல மீண்டுவந்த மீன் இது. பிடித்த மீனை நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுவதுதான் அங்கே முறையாக மீன் பிடிப்பவர்களின் வழக்கம்.

மாலை 7:30 மணிக்கு, முதல் வெள்ளைப் பூச்சிகள் ஒன்றிரண்டாகத் தென்படத் தொடங்கியபோது, நேரம் முடிந்தது என்று படகைக் கரைக்குத் திருப்பினார். இருட்டும் வரை என்று சொன்னீர்களே என்று கேட்டோம். படகில் விளக்கு இல்லை, சூரியன் மறைந்தபின் ஆற்றில் இருந்தால் அதிகாரிகள் பிடிப்பார்கள் என்றார். அதாவது, முன்பதிவு செய்த நாளிலேயே, தாம் விற்ற மாலையைத் தம்மால் தர இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் கரையேறிக் காரில் பொருட்களை வைத்துக்கொண்டிருந்தபோது ஆற்றின்மேல் பூச்சிகள் வெண்மையாக எழுந்தன. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறக்கும் ஓசை கரைவரை கேட்டது.

வழிகாட்டியை அமர்த்துபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பென்சில்வேனியா மீன் மற்றும் படகு ஆணையம் வழங்கும் வழிகாட்டி அனுமதியைத்தான். அந்த ஆற்றில் கூலிக்கு வழிகாட்டுபவர் எவருக்கும் அது கட்டாயம். காட்டத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குக் கரையேறுவோம், படகில் விளக்கு உண்டா, எங்கே இறக்கி எங்கே ஏற்றுவோம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். "மாலைப் பயணம்" என்ற சொல் மட்டும் போதாது. மணி எழுதப்பட்டிருக்க வேண்டும். படகே இல்லாமலும் இந்த மீன்பிடிப்பு நடக்கும். கோடையில் நீர் வற்றியிருக்கும்போது ஃபோர்ட் ஹன்டர் போன்ற பொது இறங்குதுறைகளில் லைஃப் ஜாக்கெட் அணிந்து இறங்கி, வெள்ளை வுல்ஃப் என்னும் செயற்கைப் பூச்சியை 12 அல்லது 14 ஆம் எண் முள்ளில் கட்டி வீசினால் போதும்.

பணம் செலுத்தும் முறையையும் கவனியுங்கள். நாங்கள் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தோம். தொலைபேசி உரையாடலுக்குப் பின் அவர் அனுப்பிய குறுஞ்செய்தியில் "இருட்டும் வரை" என்று இருந்ததைக் காட்டியதும், கார்டு நிறுவனம் அதைத் திருப்பி அளித்தது. மீதித் தொகையைப் படகில் ஏறும் முன் ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.