பழைய மஸ்டாவுக்கு ஆர்9 பெற்றோல் குழாய்: கிளிநொச்சி வெயிலில் சில ஆண்டுகள்

பெற்றோல் குழாய் மாற்றப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். பெற்றோலை அழுத்தத்தோடு தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள எஞ்சினுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி வேண்டும். அது இல்லாத குழாயைக் கடைக்காரர் எவ்வளவு உறுதியாகப் புகழ்ந்தாலும் வாங்க வேண்டாம். 2022 இன் பிற்பகுதியில் என் காருக்குப் பூட்டிய ஆர்9 குழாய்களை விரலால் அழுத்தினால் இன்றும் அமுங்கி மீள்கின்றன. வெடிப்பு இல்லை. காலையில் போனற்றைத் திறந்தால் பெற்றோல் மணமும் இல்லை.

கார், மஸ்டா எம்.எக்ஸ்.-5 இன் முதல் தலைமுறை. 1989 இல் அறிமுகமாகி, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையான இரண்டு இருக்கை வண்டி, 1.6 லீற்றர் எஞ்சின். அது நிற்பது கிளிநொச்சியில், ஓடுவது பெரும்பாலும் ஏ-9 வீதியில். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கிடைத்த பெற்றோல் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கே போனது. கியூ.ஆர். குறியைக் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் வாங்கும் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபோது, நீண்ட நாள் நின்றுவிட்ட மஸ்டாவின் குழாய்கள் காய்ந்து இறுகியிருந்தன. எப்போதும் பெற்றோலில் நனைந்திருக்கும் இறப்பர் நீண்ட காலம் தாங்கும். காயவிட்டு மீண்டும் நனைத்தால் வெடிக்கும். வன்னியின் சோளகக் காற்றும் வெயிலும் அதை இன்னும் விரைவாக்குகின்றன.

இங்கே எனக்கும் எங்கள் ஊர் மூத்த மெக்கானிக் ஒருவருக்கும் நீண்ட வாதம் நடந்தது. போரின்போது வடக்குக்கு எரிபொருள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஒஸ்டின் கார்களை ஓடவைத்த தலைமுறை அவர். அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். “தம்பி, கம்பியால் இறுக்கிக் கட்டிய குழாயே வருடக்கணக்கில் நின்றது” என்றார். அது உண்மைதான். ஆனால் இன்ஜெக்டர் இல்லாத பழைய காபரேற்றர் வண்டியில் பெற்றோல் வருவது சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அழுத்தத்தில். என் காரில் அது ஏறத்தாழ 40 இறாத்தல். ஒஸ்டினில் கசியும் துளை இங்கே சூடான எஞ்சின் மேல் விசிறியடிக்கும். இதைச் சொன்னதும், “அப்படியென்றால் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பையும் மாற்ற வேண்டும்” என்று அவரே சொன்னார்.

அவர் சொன்னது மிகச் சரி. திருகினால் இறுகும் சாதாரணக் கிளிப்பின் பட்டியில் வெட்டுகள் இருக்கும். இறுக்க இறுக்க அவை இறப்பருக்குள் பதிந்து அதை அறுக்கும். உட்புறம் வழுவழுப்பாக, முழு வட்டமாக இறுகும் இன்ஜெக்ஷன் கிளிப்புகள் தனியாக இருக்கின்றன. குழாய் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை உறுத்தும். நான் இந்த வேலையில் செலவழித்த பணத்தில் மிக நல்ல பணம் அதுதான்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நான் ஏறிய கடைகளில் எளிதாகக் கிடைத்தது, நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் லாண்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் போடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாய். அந்தப் பாவனைக்கு அது போதும். இந்தக் காருக்கு ஆபத்து. கறுப்பு இறப்பர் குழாய் கேட்டால் பெரும்பாலும் ஆர்7 வரும். அது காபரேற்றருக்கு உரியது. ஆர்9 குழாயைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். அழுத்தப் பாதைக்கு 8 மில்லிமீற்றர் உள்விட்டம். கூரிய கத்தியால் நேராக வெட்ட வேண்டும். இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தால் துகள் உள்ளே போய் இன்ஜெக்டரை அடைக்கும்.

பெற்றோல் தாங்கிக்குள், பம்புடன் சேரும் சிறு துண்டு தனிக் கதை. அது முழுக்கப் பெற்றோலில் மூழ்கிக் கிடப்பது. ஆர்9 இன் உட்படலம்தான் பெற்றோலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது. அங்கே ஆர்10 வேண்டும். கைநீளம்கூட இல்லாத துண்டுக்கு அந்த விலையா என்று வீட்டில் கேட்டார்கள். அந்தத் துண்டு பிய்ந்தால் முல்லைத்தீவு வீதியில் காடு சூழ்ந்த இடத்தில் கார் நின்றுவிடும் என்றேன், பேச்சு முடிந்தது.

கழற்றுவதற்கு முன் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். அழுத்தம் தீர்ந்து தானாக அணைந்தது. பிறகு பற்றரியின் வயரைக் கழற்றி, வெளியில் மாமர நிழலில் வேலை. வலது பின்சக்கரத்துக்கு முன்னால், காரின் அடியில் இருக்கும் பில்ரரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதன் இருபக்கக் குழாய்களையும் எப்படியும் கழற்றத்தானே வேண்டும்!

இத்தனை காலத்தில் எனக்குத் தலைவலி தந்தது வெயில் அல்ல, எலி. காலபோக அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. குழாய் ஒன்றின் வெளித்தோலில் பல்தடம் கண்டதும் அந்தத் துண்டை உடனே மாற்றினேன். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் காரை இப்போது நிறுத்துவதில்லை.

இன்னும் மாற்றாதது, பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் தடித்த வளைந்த குழாய். நேர்க்குழாயை வாங்கி அங்கே வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிக்கென்றே வார்த்ததுதான் வேண்டும். ஜப்பானிலிருந்து எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் தாங்கியை இறக்கி, அதன் மேல் ஓடும் ஆவிக் குழாய்களையும் சேர்த்தே மாற்றுவேன்.